கருஞ்சிறுத்தை வேறு சாதியா?

2020 மே மாதக் கடைசியில், மஸ்கெலியா நல்லதண்ணிப் பக்கம், லக்சபான தோட்டத்து மரக்கறிக் காணியொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்துப்போனது. “அது வேறெ சாதிப் புலி” என்று சொல்வோர் எங்கட மலைநாட்டில் உண்டு. மரபணு ஆய்வு சொல்வதோ வேறு.

கறுப்பு, தனி இனத்தின் அடையாளம் அல்ல. நிறத்தை ஆளும் ஏ.எஸ்.ஐ.பி. என்ற மரபணு பழுதானால் உடம்பெல்லாம் கருநிறம் ஏறிவிடும். மரபணு ஒவ்வொன்றும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வருகிறது. இரண்டும் பழுதாக இருந்தால்தான் குட்டி கறுப்பாகும். ஒன்று மட்டுமென்றால் குட்டி மஞ்சளாகவே பிறக்கும். ஆனால் அந்தக் கறுப்பை உள்ளுக்குள் சுமந்து திரியும். ஆகவே புள்ளிச் சிறுத்தைகள் இரண்டுக்கும் கறுப்புக் குட்டி பிறக்கலாம். நல்ல வெளிச்சத்தில் கூர்ந்து பார்த்தால் கறுப்புத் தோலிலும் புள்ளிகள் தெரியும்.

அப்படியானால் எது வேறு சாதி? இலங்கைச் சிறுத்தை முழுவதும்தான். 1956இல் பி. ஈ. பி. தெரணியகல இதற்கு ‘கொட்டியா’ என்று துணையினப் பெயர் வைத்தார். 1996இல் ஸ்ரீயானி மித்தபாலவும் சக ஆய்வாளர்களும் உலகச் சிறுத்தைகளின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். அதுவரை பெயரிடப்பட்டிருந்த 27 துணையினங்களை எட்டாகக் குறைக்கலாம் என்றார்கள். அந்த எட்டில் நம்முடையதும் ஒன்று. இந்தியாவோடு இருந்த தரைவழி கடலுக்குள் போனபிறகு வெளியிலிருந்து புது இரத்தம் வர வழியில்லை. தீவில் இருப்பதுதான் முழு முதல்.

மலைநாட்டில் அந்த முதலும் சிதறிக் கிடக்கிறது. காடு வெட்டித் தேயிலை போட்டபின் மிஞ்சியவை மலை உச்சிகளும் ஓடைக்கரைகளும்தான். ஒரு துண்டுக் காட்டிலிருந்து மறு துண்டுக்குச் சிறுத்தை இரவில் தேயிலைக்குள்ளால்தான் நடக்கிறது. அந்த வழி அடைபட்டால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து வம்சம் பலவீனப்படும். விலங்கைப் பிடிக்காமலே, அதன் எச்சத்திலுள்ள மரபணுவைக் கொண்டு எது எதற்கு உறவு, எந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்று அறியலாம். பாதுகாப்புக்கு இந்த ஆய்வு உதவுவது இப்படித்தான்.

மரக்கறி போடுபவருக்குக் காட்டுப்பன்றியால் வரும் நஷ்டம் மெய்தான். ஆனால் பன்றிக்கு வைத்த கம்பி ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை. அந்தப் பன்றியை வேட்டையாடும் சிறுத்தையையும் பிடிக்கிறது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நமக்குத் தெரியாததல்ல. கம்பியில் மாட்டிய விலங்கைக் கண்டால் கிட்டப் போகாமல், கூட்டம் சேர விடாமல், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவிப்பது நம் கடமை.