உள்ளங்கையில் ஒரு தூசிமானி

புனே நகரின் கோர்படியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. காலையில் வாசல் பெருக்கி, நீர் தெளித்துக் கோலமிடுகிறோம். பொழுது சாய்வதற்குள் சன்னற் கம்பிகளில் மீண்டும் தூசி படிந்துவிடுகிறது. ஆயினும், நாம் பெரிதும் அஞ்சவேண்டுவது கண்ணுக்குத் தெரியும் இத்தூசியை அன்று, தெரியாத நுண்துகளையே. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட அத்துகள், தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் நுரையீரலின் அடிவரை செல்ல வல்லது.

அதனை அளப்பது எங்ஙனம்? ஓட்டுக் கூரையின் துவாரத்தில் விழும் வெயிற் கதிரில் தூசி மின்னுவதைச் சிறு வயதில் கண்டிருக்கிறோம் அல்லவா? அதே தத்துவந்தான். கைக்கடக்கமான பெட்டிக்குள் ஓர் இருட்டறை. சிறு விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. லேசர் கதிரின் குறுக்கே துகள் செல்லுகையில் ஒளி சிதறுகிறது. அச்சிதறலை ஒளியுணர் கருவி மின்துடிப்பாக மாற்றுகிறது. துடிப்பின் வலிமையைக் கொண்டு துகளின் பருமனும், எண்ணிக்கையைக் கொண்டு அதன் செறிவும் கணிக்கப்பெறுகின்றன.

பெரிய நிலையங்களில் துகளை வடிதாளில் படியவைத்து அதன் எடையைக் காண்பர். சிறு கருவியோ ஒளியைக் கண்டு எடையை ஊகிக்கிறது. இடர் இங்கேதான் தோன்றுகிறது. மழைக்காலத்தில் துகள்கள் ஈரத்தை ஏற்றுப் பருக்கின்றன. கருவி, உள்ளதினும் மிகுதியான மாசைக் காட்டுகிறது. உள்ளே தூசி படிந்தாலும் கணக்குப் பிறழும். ஆகவே, அதனைப் பெரிய கருவியின் அருகே சில வாரம் நிறுத்தி, இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். கடைத் தராசுக்கு முத்திரையிடுவதைப் போன்றதே இது. 2020 நவம்பர் முதல் 2021 மே வரை, மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் மும்பையில் 15 நிலையங்களில் 40 சிறு கருவிகளை வைத்து இவ்வாறே சோதித்தன.

புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2013ஆம் ஆண்டில் இந்நகருக்கெனக் காற்றுத்தர முன்னறிவிப்பைத் தொடங்கியது. ஆயினும், நிலையங்கள் சிலவே, சந்துகளோ பல. குப்பை எரியும் மூலைக்கும் பள்ளி வாயிலுக்கும் உள்ள வேற்றுமையைக் கையில் எடுத்துச் செல்லும் கருவியே காட்டும்.

ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் என்பது நம் நாடு 2009இல் விதித்த வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் கூறிய அளவோ 15. ஒரு நிமிடத்தில் தோன்றும் எண்ணைக் கண்டு கலங்கவும் வேண்டாம், களிக்கவும் வேண்டாம். நாள் முழுவதன் சராசரியையே நோக்குவோம். குழந்தை எவ்வேளையில் வெளியே விளையாடலாம் என்பதை அறிய, திருத்தம் பெற்ற கருவி துணை நிற்கும். காற்றைத் தூய்மையாக்குவது கருவியன்று. அது நம் கடமை.