விற்பனைக்கு இல்லாத நிலம்

பிரான்ஸ் தேசத்தின் தெற்கே, அவெரான் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 800 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறை மேலெழுந்து, மண் மெலிந்து, பெய்த மழையெல்லாம் பாறை இடுக்குகளில் இறங்கி மறைந்துவிட, புல்லும் புதரும் மட்டுமே தழைக்கிற விசாலமான ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. லார்ஸாக் என்று அதற்குப் பெயர். செம்மறி ஆடு மேய்ப்பதற்கன்றி வேறு எதற்கும் பெரிதாக உதவாத அந்தப் பூமியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கறக்கிற ஆட்டுப்பாலிலிருந்துதான், பக்கத்துக் குகைகளில் பக்குவப்பட்டு, உலகப் பிரசித்தி பெற்ற ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி உண்டாகிறது. இந்த மேட்டில் பத்து வருஷம் நடந்த ஒரு போராட்டமும், அதன் முடிவில் பிறந்த ஓர் ஏற்பாடும், மண்ணைக் கெடுக்காமல் சிறிய அளவில் வேளாண்மை செய்ய விரும்புகிறவனுக்கு நிலம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, நான் அறிந்த விடைகளுள் மிகவும் திருத்தமான ஒன்றைத் தந்திருக்கின்றன.

1971 அக்டோபரில், அந்நாளைய ராணுவ மந்திரி மிஷேல் தெப்ரே, லார்ஸாக்கில் ஏற்கெனவே இருந்த 3,000 ஹெக்டேர் பயிற்சி முகாமை 17,000 ஹெக்டேராக, அதாவது சுமார் 42,000 ஏக்கராக, விஸ்தரிக்கப் போவதாக அறிவித்தார். அங்கே ஆடு மேய்க்கிற சில குடியானவர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்பது தலைநகரத்தின் அபிப்பிராயம். அந்தக் குடியானவர்களோ தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர்கள், சர்க்காருக்கு விரோதமாக ஒரு வார்த்தை பேசியறியாதவர்கள். போராட்டம் என்பது அவர்கள் சுபாவத்திலேயே இல்லாத சங்கதி.

அவர்களிடம் 1972 மார்ச் மாதத்தில் வந்து சேர்ந்தவர் லான்ஸா தெல் வாஸ்தோ என்னும் பெரியவர். இத்தாலியில் பிறந்து, 1937-இல் வார்தாவில் காந்தியடிகளிடம் தங்கி, அவராலேயே சாந்திதாஸ் என்று பெயர் சூட்டப்பெற்று, பின்னர் 1954-இல் மறுபடியும் இந்தியா வந்து வினோபாவுடன் பூதான யாத்திரையில் நடந்தவர் அவர். லா கவலரி என்ற கிராமத்தில் அவர் 15 நாள் உபவாசம் இருந்தார். அக்கம்பக்கத்து மேற்றிராணிமார் இருவரும் ஒரு நாள் உடன் உபவசித்தார்கள். குடியானவர்கள் மாலைதோறும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அந்த மாதம் 28-ஆம் தேதி, அவர்களில் 103 பேர், தங்கள் நிலத்தை ராணுவத்துக்கு ஒருபோதும் விற்பதில்லை என்று பிரதிக்ஞை செய்து கையெழுத்திட்டார்கள். வார்தாவில் கற்ற பாடத்தை ஐரோப்பியர் பலர் புத்தகத்தில் எழுதி முடித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தைக்காரர்கள் அதை அனுஷ்டித்துக் காட்டினார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அனுஷ்டித்த விதமும் ரசமானது. அந்த வருஷம் அக்டோபரில் ஆடுகளைப் பாரிஸுக்கு ஓட்டிக்கொண்டு போய் ஈஃபல் கோபுரத்தின் அடியில் மேய விட்டார்கள். ராணுவம் குறிவைத்த லா ப்ளாக்கியேர் என்ற குக்கிராமத்தில், கட்டட அனுமதி கிடைக்காது என்று தெரிந்தே, 1973-இல் பெரியதோர் ஆட்டுக்கொட்டிலுக்கு அஸ்திவாரம் போட்டு, வெளியூர்களிலிருந்து வந்த தொண்டர்களைக்கொண்டு கல்லின் மேல் கல்லாக அடுக்கிக் கட்டினார்கள். தங்கள் வருமான வரியில் ராணுவத்துக்குப் போகும் பங்கென்று கருதிய 3 சதவீதத்தைக் கட்ட மறுத்து, அந்தத் தொகையைக் கொட்டிலுக்கு அனுப்பி வைத்த நகரவாசிகளே அதற்குப் பணம் கொடுத்தார்கள்.

ஆயினும் இவை எல்லாவற்றிலும் பலன் மிகுந்த காரியம், பார்வைக்குச் சற்றும் கவர்ச்சியில்லாத, பத்திரப்பதிவு அலுவலகத்துக் காரியமாகும். ராணுவம் நிலம் வாங்க முனைந்த இடங்களிலெல்லாம் முந்திக்கொண்டு வாங்குவதற்காக, வேளாண் நிலக்கூட்டு என்ற சட்டபூர்வமான அமைப்பைத் தொடங்கி, அதன் பங்குகளை நாடெங்கும் உள்ள ஆசிரியர்கள், தொழிலாளர்கள், பாதிரிமார்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு விற்று, வந்த தொகையில் நிலத்தை வாங்கி, உழைக்கிறவர்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். ஒரு சொந்தக்காரனைப் பயமுறுத்தலாம், ஆசை காட்டலாம், கடன் நெருக்கும் வேளை பார்த்துப் பேரம் பேசலாம். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான சொந்தக்காரர்களிடம் இந்த மூன்று உபாயமும் செல்லுபடியாவதில்லை. 1981 மே மாதம் மித்தெரான் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் விஸ்தரிப்புத் திட்டம் கைவிடப்பட்டது.

அதற்குள் ராணுவம் வாங்கி முடித்திருந்த நிலம் 6,300 ஹெக்டேர். அதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, குடியானவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொள்ள, 1985-இல் சர்க்கார் அந்த நிலம் முழுவதையும் அச்சங்கத்துக்கு 60 வருஷக் குத்தகையாக விட்டது. சங்கத்தின் நிர்வாகிகளை, அந்த நிலத்தில் குடியிருந்து உழைப்பவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நிலம் பெறுகிறவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரையில் அதை அனுபவிக்கலாம். ஓய்வு பெற்றதும் வீடு, கொட்டில், மேய்ச்சல் தரை எல்லாம் சங்கத்துக்குத் திரும்பிவிடும். அவர் பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக அவை எவருக்கும் போய்ச் சேரா, புதிதாக விண்ணப்பிக்கிறவர்களிலிருந்து ஒருவரைச் சங்கம் தேர்ந்தெடுக்கும். ஓய்வு பெறுகிறவர் கைக்காசு போட்டுக் கூரை மாற்றியிருந்தால், அதன் உபயோக மதிப்புக்கு ஈடு உண்டு. நிலத்தின் விலை வெளியிலே பத்து மடங்கு ஏறியிருந்தாலும் அந்த ஏற்றத்தில் ஒரு காசும் அவருக்கு இல்லை.

நம்மவர்களுக்கு இது கடுமையாகப் படலாம். காலமெல்லாம் பாடுபட்டவன் சொத்தென்று ஒன்றும் விட்டுச் செல்ல முடியாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால், நிலமே இல்லாமல் வந்தவன் கடன் இல்லாமல் காலூன்ற முடிந்தது, முன்னே இருந்தவனும் அவ்விதமே அதைக் கைமாற்றிவிட்டுப் போனதனால்தானே? இந்த ஏற்பாட்டில் தளராத சங்கமும் சர்க்காரும் 2013-இல் குத்தகையை 2083 வரையில் நீட்டித்துக்கொண்டார்கள்.

ராணுவம் தொடாத இடங்களில் சிறு பண்ணைகளை விழுங்குவது வேறொரு சக்தி. 1970-இல் பிரான்ஸில் 15 லட்சத்துக்கு மேல் இருந்த பண்ணைகள் 2020 கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் கீழே போய்விட்டன. எஞ்சிய பண்ணைக்காரர்களிலும் 43 சதவீதம் பேர் 55 வயதைக் கடந்தவர்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் வயலைப் பக்கத்துப் பெரும் பண்ணை சேர்த்துக்கொள்கிறது. வீட்டை நகரத்துச் செல்வர் விடுமுறை மனையாக வாங்கிக்கொள்கிறார். ரசாயனமின்றிக் காய்கறி பயிரிட வேண்டும் என்று வருகிற, அப்பன் பாட்டன் நிலமற்ற இளைஞனுக்கு இரண்டுமே எட்டுவதில்லை. லார்ஸாக்கின் உபாயத்தை இந்த நிலைமைக்குப் பொருத்தியதுதான் 2003-இல் தோன்றிய தேர் த லியேன் என்ற ஸ்தாபனம். பொதுஜனங்கள் பங்கு வாங்குகிறார்கள். லாபப் பங்கு எதுவும் கிடையாது. சேர்ந்த பணத்தில் பண்ணைகளை வாங்கி, இயற்கை வேளாண்மை செய்கிறவர்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். வாங்கியதை மறுபடி விற்பதில்லை. இன்று அதன் வசம் முந்நூறுக்கு மேற்பட்ட பண்ணைகள் உள்ளன. பத்தே ஆண்டில் ஒரு லட்சம் பண்ணைகளை இழக்கிற தேசத்துக்கு இது மிகவும் சொற்பம் என்பதை மறைத்துப் பயனில்லை.

ஆயினும் அந்த முந்நூறும் நிலைத்து நிற்பதற்குப் பின்னால் பழைய சட்டங்கள் துணை நிற்கின்றன. 1946 முதலே அங்கே நிலக் குத்தகை என்றால் குறைந்தது 9 வருஷம், குத்தகைத் தொகைக்கும் சர்க்கார் விதித்த வரம்பு உண்டு. 2006-இல் வந்த சட்டமோ, ரசாயனம் போடக் கூடாது, வேலி மரங்களை வெட்டக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுத இடம் கொடுத்தது. ஒன்பது வருஷம் என்ற அந்தக் கால அளவு சாமானியமான விஷயமன்று. ரசாயனத்தில் பழகிய மண் தெளிவதற்கு, ஐரோப்பிய விதிப்படி பருவப் பயிருக்கே இரண்டு வருஷம் ஆகும். அதுவரையில் மகசூல் குறையும், இயற்கை விளைச்சல் என்று விலை வைக்கவும் முடியாது. அடுத்த போகத்தில் நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவன், பசுந்தாள் உரம் விதைத்து மடக்கி உழுவானா, வரப்பில் மரம் வைப்பானா? ஒரே வருஷத்தில் எடுக்கக் கூடியதை எடுத்துவிட்டுப் போவான். அவனைக் குறை கூற நமக்கு நியாயம் இல்லை.

நிலம் கிடைத்த பிற்பாடு விளைச்சலை வாங்கவும் ஆள் வேண்டும். 2001 முதல் பிரான்ஸில் பரவிய ஒரு முறைப்படி, ஒரு பண்ணையின் பக்கத்து நகரத்துக் குடும்பங்கள் பருவத் தொடக்கத்திலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு, வாரந்தோறும் விளைந்ததில் தங்கள் பங்கை எடுத்துச் செல்கின்றன. கல்மழையில் கீரை போனால், அந்த நஷ்டத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

நம் நாட்டிலும் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. லார்ஸாக் ஜயித்த அதே 1981-இல்தான், பூதான இயக்கத்தில் ஊறிய கிருஷ்ணம்மாளும் ஜகந்நாதனும் கீழத்தஞ்சையில், உழுபவனின் நில உரிமைக்காக லாஃப்டி என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேசி விலைக்கு வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரிலேயே ஏக்கர் ஏக்கராகப் பட்டா வாங்கிக் கொடுத்தார்கள். கடலோர இறால் பண்ணைகளின் உப்பு அந்த நஞ்சை வயல்களில் ஏறத் தொடங்கியபோது, ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996-இல் தீர்ப்பும் பெற்றார். ஆனால் குத்தகை விஷயத்தில் நாம் இன்னும் வாய்ப்பேச்சோடு நிற்கிறோம். உழுகிறவன் பெயர் ஆவணத்தில் ஏறினால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று சொந்தக்காரர் அஞ்சுகிறார். பெயர் ஏறாதவனுக்குப் பயிர்க் கடன் கிடைப்பது கஷ்டம், நிலம் உள்ளவர்களுக்கென்று மத்திய சர்க்கார் தருகிற உதவித்தொகை அறவே கிடையாது.

ஊரில் பிதுரார்ஜித நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டுப் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கிற வாசகர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். உங்கள் ஊரிலேயே நஞ்சு தெளிக்காமல் பயிர் செய்ய முன்வருகிற ஒருவருக்கு, மூன்று ஏக்கரானாலும் சரி, நல்ல வக்கீல் ஒருவரைக் கலந்து, ஒன்பது வருஷத்துக்குக் குறையாமல் பதிவு செய்த பத்திரத்தோடு குத்தகைக்கு விடுங்கள். விளைகிற அரிசியில் உங்கள் வீட்டுக்கு வேண்டியதை அவரிடமே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.