‘ஆஃப்’ என்றால் எப்போதும் லீவு அல்ல!

தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால், நம்மவர்களில் பலர் தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகம் செய்து விடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

‘ஆஃப்’ என்ற சின்னச் சொல்லையே பார்ப்போம். ‘நாளைக்கு எனக்கு ஆஃப்’ என்று சொன்னால் நமக்கு அது லீவு. ஆனால் அது ‘லே’ என்ற சொல்லோடு சேர்ந்து ‘லே ஆஃப்’ ஆகிவிட்டால் லீவு இல்லை. வேலை கொடுக்காமல் நிறுத்தி வைப்பது. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளி வைப்பது. சம்பளப் பேச்சு இன்னொரு நாளைக்கு நடக்கும். ‘கால் ஆஃப்’ என்றால் ரத்து. அந்தப் பேச்சே இல்லை! ‘பே ஆஃப்’ என்றால் கடனை முழுசாக அடைப்பது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நம் தமிழில் ‘கைகொடு’ என்றால் உதவு. ‘கைவிடு’ என்றால் நடுவழியில் விட்டுவிடு. அங்கே கையை மட்டும் தனியாகப் பிரித்து யாராவது அர்த்தம் சொல்வார்களா? ஆங்கிலத்திலும் அப்படித்தான். இரண்டு சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எழுதும்போதும் ஒரு முறை உண்டு. கூட்டத்தைத் தள்ளி வைக்க ‘புட் ஆஃப் த மீட்டிங்’ என்றும் எழுதலாம், ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்றும் எழுதலாம். ஆனால் ‘அதை’ என்று சொல்ல ‘இட்’ போட்டால், அது நடுவில்தான் நிற்கும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ என்பது தப்பு.

இது வெறும் இலக்கணம் அல்ல, வயிற்றுப் பிரச்சினை. தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிகள் என்ன சொல்கின்றன? வேலை கொடுத்தால்தான் சம்பளம் என்றிருக்கும் தொழிலாளிக்கு, தொடர்ந்த 4 வாரத்துக்குள் மொத்தம் 12 வேலை நாளாவது வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை என்றால் அது ‘லே ஆஃப்’. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நஷ்ட ஈடு உண்டு. 2 வருஷத்துக்குக் குறைந்த சர்வீஸ் என்றால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 வருஷத்துக்குள் 15 நாள். 5 வருஷமும் அதற்கு மேலும் 20 நாள். லீவுதானே என்று லயத்தில் சும்மா இருந்துவிட்டால் இந்தப் பணத்தை யார் கேட்பது?

ஆகவே, கடிதம் வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். வினைச்சொல்லையும் அதற்குப் பின்னால் வரும் சின்னச் சொல்லையும் சேர்த்துக் கோடு போடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அகராதி பார்க்கச் சொல்லுங்கள். சங்கக் கமிட்டியிடம் காட்டுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்காமல் இழப்பதுதான் நஷ்டம்!