ஒரு லெட்டர் போதுமா, சார்?

எங்க ஊர் பேரு எப்போதும்வென்றான். மெட்ராஸ் நண்பர்களிடம் சொன்னால் ஒருமாதிரி பார்ப்பார்கள். 'பேர்லதான் சார் வெற்றி. மழையும் மிளகாய் விலையும் எப்பவும் எங்களைத்தான் ஜெயிக்கும்' என்று சமாளிப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புத்தகத்தை வகுப்பை விட்டுத் துரத்த எத்தனை பேர் வேண்டும்? ஊர்வலமெல்லாம் வேண்டாம். ஒரு லெட்டர் போதும்!

எங்கள் பக்கத்துக் காலேஜ்களெல்லாம் நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அங்கே 2017 முதல் எம்.ஏ. இங்கிலீஷுக்கு அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்' பாடம். மாவோயிஸ்டுகளோடு காட்டில் நடந்துவிட்டு வந்து எழுதியது. 2020 நவம்பரில் ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்பு ஆட்சேபணை கொடுத்தது. ஒரு கமிட்டி கூடியது. புத்தகம் அவுட்! கொரோனாவில் வகுப்பறையே பூட்டிக் கிடந்த நேரம். மாணவர்கள் வீட்டில், புத்தகம் வெளியில்!

பதிலுக்கு வந்தவர் மா. கிருஷ்ணன். பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அருமையான இயற்கை எழுத்தாளர், அ. மாதவையாவின் மகன். ஒருத்தரை எழுப்பிவிட்ட ஸீட்டில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

"துப்பாக்கி தூக்கினவனப் புகழ்ந்தா பாடம் வைக்கணும்?" என்றார் டீக்கடை அண்ணாச்சி. நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடமே வகுப்புதானே அண்ணாச்சி! எம்.ஏ. படிக்கிறவன் ஓட்டுப் போடுகிறவன். படித்துவிட்டு, 'இந்தம்மா சொல்றது தப்பு' என்று எழுதி மார்க் வாங்கட்டுமே. படிக்காமல் எப்படித் திட்டுவான்?

கட்சிகளிலிருந்து கண்டன அறிக்கைகள் வந்தன. அறிக்கை நல்லதுதான். ஆனால் புத்தகம் திரும்பி வர, விடாமல் அலைகிற ஆள் வேண்டும்.

பக்கத்து எட்டயபுரத்துக்காரர் பாரதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928-ல் பர்மா சர்க்கார் அவர் பாட்டுப் புத்தகங்களைத் தடை செய்தது. இங்கே போலீஸ் பறிமுதலில் இறங்கியது. கவிஞர் போய் ஏழு வருஷம். அவரா வந்து வாதாட முடியும்? சத்தியமூர்த்தி சென்னை சட்டசபையில் எழுந்து நின்றார். தீர்மானம் சர்க்காரை எதிர்த்து ஜெயித்தது.

சமீபத்துக் கதை பெருமாள்முருகனுடையது. அப்போது நாமக்கல் அரசுக் கல்லூரித் தமிழ் ஆசிரியர். 2010-ல் வந்த 'மாதொருபாகன்' நாவலை 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கொளுத்தினார்கள். 2015 ஜனவரி 12, கலெக்டர் ஆபீஸில் 'சமாதானக் கூட்டம்'. நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று தன்னைப் பற்றித் தானே அறிவித்தார் மனுஷர்.

அவரே ஒதுங்கிக்கொண்ட பிறகு கோர்ட் படி ஏறியது யார்? தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் தலைவராக அப்போது இருந்த ச. தமிழ்ச்செல்வன். நம்ம கரிசல்காட்டு எழுத்தாளர். 'பூ' சினிமாவுக்கு மூலக்கதை எழுதியவர். தபால் துறையில் வேலை பார்த்தவர். உங்களையும் என்னையும் மாதிரி ஆபீஸ் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டவர்! ஒன்றரை வருஷம் வழக்கு நடந்தது. 2016 ஜூலை 5-ல் ஹைகோர்ட் தீர்ப்பு: அந்தச் சமாதானம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது, புத்தகம் பிடிக்கவில்லையா, படிக்காதீர்கள், எழுத்தாளர் மறுபடி எழுதட்டும். அவரும் எழுத ஆரம்பித்தார்.

அதனால் அடுத்த தடவை 'பாடம் நீக்கம்' என்று பேப்பரில் படித்தால், உச் கொட்டிவிட்டு ராசிபலனுக்குத் தாவாதீர்கள். பழைய மாணவர், பெற்றோர், வாத்தியார் என்று நாலு பேரைச் சேருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, 'எந்தக் குழு கூடியது? என்ன காரணம் எழுதியது?' என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பதிலைப் படித்துவிட்டு அடுத்த லெட்டர். ஒரு லெட்டரில் போன புத்தகத்துக்கு நாற்பது லெட்டராவது போகட்டுமே.

பத்து நிமிஷம் லேட்டாக வந்ததற்கே மெமோவுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறவர்கள் நாம். இது முடியாதா, சார்?