அம்பை முந்தும் சத்தம்

"அம்பு மாதிரி நேரா போனான்" என்று பேச்சில் சொல்கிறோம். ஆனால் அம்பு ஒருநாளும் நேராகப் போவதில்லை. நாணை விட்ட கணத்திலிருந்தே அது விழ ஆரம்பித்துவிடுகிறது. பதினோராம் வகுப்பில் எல்லோரும் போட்ட எறிபொருள் கணக்குதான். அதை மறுபடி உட்கார்ந்து போட வைத்தது ஒரு மான்.

வேலை விஷயமாக இரண்டு வருடம் மிச்சிகனில் இருந்தேன். டீமில் ஒருவர் வில் வேட்டைக்காரர். அங்கே அக்டோபர் 1 முதல் வில்லுக்கான மான் சீசன். லைசென்ஸ் எடுத்தால் சட்டப்படி வேட்டையாடலாம். (நம்மூரில் 1972 சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நானும் வேட்டைக்காரன் இல்லை.) ஒரு திங்கட்கிழமை மனிதர் முகமே சரியில்லாமல் வந்தார். சனிக்கிழமை மாலை ஒரு வெண்வால் மானை எய்திருக்கிறார். அம்பு பட்டது, ஆனால் மேலே பட்டுவிட்டது. இரவு டார்ச் அடித்து ரத்தத் தடத்தைத் தேடி, மறுநாளும் தேடி, மான் கிடைக்கவே இல்லை. அது செத்ததா, பிழைத்ததா, எங்கேயாவது கிடந்து துடித்ததா, தெரியாது. "நான் குறி வைத்தது நுரையீரலுக்கு. கை ஆடவில்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை. கூரான அகன்ற முனை அறுத்துக்கொண்டு போய், ரத்தம் வெளியேறித்தான் விலங்கு விழுகிறது. நுரையீரல், இதயம் உள்ள பகுதி சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம். அதற்குள் பட்டால் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரு சாண் தள்ளிப் பட்டால் நீண்ட வேதனை.

அன்று இரவு எக்ஸெலைத் திறந்தேன். பக் வந்தால் சந்தேகப்பட வேண்டியவற்றை வரிசையாக வைத்துக்கொள்வது என் தொழில் புத்தி. முதல் சந்தேகம், தூரம்.

அவருடையது உருளைகள் வைத்த காம்பவுண்ட் வில். ஹாலஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1969இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வாரிசு. அம்பின் வேகம் விநாடிக்கு 280 அடி, அதாவது 85 மீட்டர். மான் நின்றது 35 கெஜத்தில், சுமார் 32 மீட்டர். போய்ச் சேர 0.38 விநாடி. அதற்குள் அம்பு 70 செ.மீ. விழுந்திருக்கும்! காற்றுத் தடையைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்த 70 செ.மீ. பிரச்சினையே இல்லை. வில்லின் குறிகாட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஊசிகள் இருக்கும்: 20 கெஜத்துக்கு ஒன்று, 30க்கு ஒன்று, இப்படி. தூரம் கூடக் கூடக் கீழ் ஊசியை வைத்துப் பார்க்க வேண்டும். வில் தானாகவே மேல்நோக்கிச் சாயும். சாய்த்து விட்ட அம்பு நடுவழியில் நேர்க்கோட்டுக்கு மேலே 17 செ.மீ. வரை வளைந்து ஏறி இறங்கும். கண்ணுக்கும் மானுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாதபோதும் அம்பு கிளையில் மோதுவது இதனால்தான்.

தூரத்தைத் தப்பாகக் கணித்தால்தான் வினை. 27 மீட்டர் என்று நினைத்து 32இல் நிற்கும் மானை எய்தால் அம்பு 11 செ.மீ. தாழ்ந்து போகும். ஐந்து மீட்டர் பிழைக்கே வட்டத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டோம். ஆனால் அவர் லேசர் தூரமானியில் பார்த்துத்தான் எய்திருக்கிறார். அதனால் தூரம் குற்றவாளி இல்லை.

இரண்டாவது, அம்பின் பறப்பு. நாண் பின்னாலிருந்து தள்ளும்போது அம்பின் தண்டு மீன் மாதிரி நெளியும். வில்லின் பலத்துக்கு ஏற்ற விறைப்பு அதற்கு இல்லையென்றால் கோணலாகவே கிளம்பும். அகன்ற முனையின் தகடுகள் முன்பக்க இறக்கைகள் மாதிரி வேலை செய்து அந்தக் கோணலை இன்னும் பெரிதாக்கும். பின்னால் இருக்கும் இறகுகள்தான் திருத்த வேண்டும். அவர் அதே முனைகளை வைத்து சீசனுக்கு முன்பே பலகையில் எய்து பார்த்திருந்தார், எல்லாம் ஒரே இடத்தில் பட்டன. இதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது மான்.

நாணை விட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறது. ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், அம்பைப் போல நான்கு மடங்கு. 32 மீட்டரில் நிற்கும் மானுக்கு 0.09 விநாடியில் சத்தம் கேட்டுவிடும். அம்பு வர இன்னும் 0.28 விநாடி இருக்கிறது. மான் சுதாரிக்க 0.1 விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 0.18 மீதி. அந்த நேரத்தில் அது என்ன செய்யும்? அம்பைப் பார்த்துக் குனிவதில்லை. ஓடத்தான் பார்க்கும். ஓடுவதற்கு உந்த வேண்டும், உந்துவதற்குக் காலை மடக்க வேண்டும், காலை மடக்கினால் உடம்பு கீழே இறங்கும். உடம்பைக் கீழே இழுக்க புவியீர்ப்பைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஆகவே அது இறங்கும் வேகத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு, அதையும் அம்புக்குப் போட்ட அதே சூத்திரத்தில் போடலாம். விடை 16 செ.மீ. அம்பு சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. அந்த இடத்தில் இருந்த நுரையீரல் கீழே போய்விட்டது.

இதற்கு அங்கே 'நாண் தாண்டுதல்' என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு, வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். எனக்குத்தான் புதிது. ஆனால் எண்களைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. 18 மீட்டரில் இதே கணக்கு 2 செ.மீ.கூட வருவதில்லை. 45 மீட்டரில் 43 செ.மீ. தூரம் இரண்டரை மடங்கு, பிழை இருபது மடங்குக்கும் மேல்!

"வேகமான வில் வாங்கினால் போச்சு" என்று தோன்றும். விளம்பரத்தில் விநாடிக்கு 350 அடி என்று போடுவார்கள். அது நம் பெஞ்ச்மார்க் எண் மாதிரி: 70 பவுண்ட் வில், 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் எடையுள்ள, அதாவது 23 கிராம்கூட இல்லாத லேசான அம்பு. வேட்டை அம்பு பெரும்பாலும் இதைவிடக் கனம். லேசான அம்பு விட்டால் மானின் இறக்கம் 5 செ.மீ.க்குக் குறையும், உண்மைதான். ஆனால் அம்பு வாங்கிக்கொள்ளாத சக்தி வில்லிலேயே தங்கி அதிர்வாகும், சத்தம் கூடும். உடம்பில் ஊடுருவுவதும் குறையும். கனமான அம்போ மெதுவாகப் போகும். விநாடிக்கு 75 மீட்டர் என்றால் 32 மீட்டரில் இறக்கம் 27 செ.மீ. வரை போகும். இந்த லேசா-கனமா சண்டைக்கு முடிவே கிடையாது. என் எக்ஸெல் சொல்வது வேறு: அதே கனமான மெதுவான அம்பை 18 மீட்டரில் விட்டால் 4 செ.மீ.க்குள்தான். பணத்தை வேகத்தில் போடுவதைவிட, பொறுமையை தூரத்தில் போடலாம்.

இதெல்லாம் நிற்கும் மானுக்கு. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சும்மா நடந்து போகும் மான் 0.38 விநாடியில் 38 செ.மீ. நகர்ந்துவிடும், நுரையீரலுக்கு வைத்தது குடலில் போய் நிற்கும். அதனால் வாயால் 'மே' என்று ஒரு சத்தம் கொடுத்து மானை நிறுத்துவார்கள். நின்றுவிடும், ஆனால் காதை விறைத்துக்கொண்டு நிற்கும். நாண் சத்தத்துக்கு அதைவிடத் தயாரான மான் இருக்க முடியாது!

புதன்கிழமை தாளை அவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "அப்போ 35இல் எய்ததே தப்பு" என்றார். கை ஆடவில்லை என்பது சரிதானே என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர் வீட்டு கராஜில் வில்லைப் பார்த்தேன். குறிகாட்டியில் ஐந்து ஊசிகள் இருந்த இடத்தில் 20, 30 இரண்டுக்கும் உள்ளவை மட்டும் இருந்தன. மற்ற மூன்றும் பக்கத்தில் ஒரு காபி டின்னுக்குள் கிடந்தன.