கைமாறும் பாடல், உதிரும் பெயர்: ஆப்பிரிக்க இசைப் பரிந்துரை குறித்த ஒரு நோக்கு

ஒரு பாடலை ஒருவர் மற்றவருக்குக் கேட்கத் தருவது எளிய செயலாகத் தோன்றும். எனினும் ஆப்பிரிக்க இசையின் கடந்த எண்பதாண்டு வரலாற்றில் அச்செயல் பல கலைஞர்களின் புகழையும் வாழ்வாதாரத்தையும் தீர்மானித்திருக்கிறது. இவ்விசையின் கணிசமான பகுதி பெருநிறுவனங்களின் விளம்பரத்தால் அன்றித் தனிமனிதர்களின் பரிந்துரையாலேயே கண்டத்திற்கு வெளியே சென்றது. அவ்வாறு கைமாறும்போது பாடலோடு எவை உடன்செல்கின்றன, எவை வழியில் உதிர்கின்றன என்பதைச் சில சான்றுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இல்லாத ஒருவரின் பெயர்

1939ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் நகரின் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் சூலு இனப் பாடகர் சாலமன் லிண்டாவும் அவர்தம் குழுவினரும் ‘ம்பூபே’ என்னும் பாடலைப் பதிவுசெய்தனர். சூலு மொழியில் இச்சொல் சிங்கத்தைக் குறிக்கும். தென்னாப்பிரிக்காவில் இவ்விசைத்தட்டு பெரும் வரவேற்பைப் பெற்றது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் அதன் படியொன்று அமெரிக்க நாட்டுப்புறவியலாளர் ஆலன் லோமக்சின் கைக்கு வந்தது. அவர் அதனைப் பாடகர் பீட் சீகரிடம் கேட்கத் தந்தார். நண்பர் நண்பருக்குச் செய்யும் பரிந்துரைக்கு இதனினும் எளிய சான்று இல்லை.

சீகர் இசைத்தட்டைக் கேட்டே பாடலைப் படியெடுத்தார். மொழி அறியாத செவியில் ‘உயிம்பூபே’ என்னும் தொடர் ‘விமோவே’ என ஒலித்தது. ‘நீ சிங்கம்’ என்னும் பொருள்பட நின்ற தொடர், பொருளற்ற ஓசையாகி அப்பெயராலேயே பாடல் வெளிவந்தது. பாடலை இயற்றியவராக அத்தட்டில் ‘பால் கேம்ப்பெல்’ என்று குறிக்கப்பட்டது. அப்படியொருவர் இருந்ததில்லை, சீகரின் குழுவினர் பொதுவில் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. சீகர் பின்னாளில் லிண்டாவுக்கு ஒரு தொகை அனுப்பச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் 1961இல் புதிய ஆங்கிலச் சொற்களுடன் பாடல் உலகப்புகழ் பெற்றபோதும், மறு ஆண்டில் லிண்டா வறுமையில் இறந்தார். அவர்தம் வாரிசுகள் தொடுத்த வழக்கு 2006இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. பரிந்துரைத்தவரிடம் தீய நோக்கம் இருந்ததாகக் கொள்ள இடமில்லை. ஆனால் தட்டு கைமாறியபோது அதன்மீது அச்சிட்டிருந்த பெயர் உடன்செல்லவில்லை.

நினைவக அட்டை விற்போர்

பரிந்துரை என்றதும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் ஒருவர் ஆப்பிரிக்கப் பாடலைக் ‘கண்டுபிடித்தல்’ என்றே பொருள்கொள்ளும் வழக்கம் உண்டு. இது பொருத்தமற்றது. மாலி நாட்டுத் தலைநகர் பாமாக்கோவின் தெருவோரங்களில் மடிக்கணினியுடன் அமர்ந்திருக்கும் இளைஞர்கள், சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு வாடிக்கையாளரின் கைப்பேசி நினைவக அட்டையில் பாடல்களை நிரப்பித் தந்தனர். இணைய இணைப்பு அரிதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்த நிலையில் உருவான தொழில் இது. யாருக்கு எது பிடிக்கும், ஊரில் புதிதாக எது பேசப்படுகிறது என்பதை அறிந்து பாடல்களைத் தெரிந்தெடுப்பதே இவர்தம் திறன். கணினி நிரலின் பரிந்துரை இத்தெருவுக்குப் புதுமையன்று.

சகாராவை ஒட்டிய நாடுகளில் பாடல்கள் புளூடூத் வழியாகக் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தாவின. இவ்வழியில் பாடல் விரைந்து பரவிற்று. ஆனால் கோப்பின் பெயர் சிதைந்து, பாடகர் யார், எந்த ஊரினர் என்பன மறைந்தன. அமெரிக்கரான கிறிஸ்டோபர் கிர்க்லி இத்தகைய பாடல்களைத் திரட்டித் தொகுப்பாக வெளியிட முற்பட்டபோது, பாடியவர்களைத் தேடுவதே முதன்மைப் பணியாயிற்று. அவ்வாறு தேடிக் காணப்பெற்றவர்களுள் ஒருவர் நைஜர் நாட்டுத் துவாரெக் கிதார் கலைஞர் எம்தூ மொக்தார். பாலைவன ஊர்களில் அவர்தம் பாடல் முன்னரே பலர் கைப்பேசிகளில் ஒலித்தது. பெயர்தான் அதனோடு செல்லவில்லை. பின்னர் அவர் உலக மேடைகளில் பாடினார். 2021இல் வெளியான ‘ஆஃப்ரிக் விக்டிம்’ இசைத்தொகுப்பு பரவலாகப் பாராட்டப்பெற்றது.

ஒலிநாடாவும் உரியவரும்

2002இல் கானா நாட்டுக் கேப் கோஸ்ட் நகரத் தெருவில் பிரையன் ஷிம்கோவிட்ஸ் என்னும் அமெரிக்க மாணவர் ஓர் ஒலிநாடாவை வாங்கினார். ‘ஒபா சீமா’ என்னும் அதனைப் பாடியவர் அத்தா காக். 2006இல் ஷிம்கோவிட்ஸ் இணையவழி அதனை அறிமுகப்படுத்த, பல நாடுகளில் கேட்டோர் வியந்தனர். கனடாவின் டொரண்டோவில் பதிவுசெய்யப்பட்டு மிகக் குறைந்த படிகளே வெளிவந்த இப்பாடல்கள் கானாவிலும் அறியப்படாதவை. ஆகவே முற்கூறிய மறுப்புக்கு இஃது ஒரு விலக்கு; இங்குக் ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல் ஓரளவு பொருந்துகிறது. பாடகரைக் குமாசி நகரில் கண்டு, உரிய ஒப்பந்தத்துடன் மறுவெளியீடு செய்ய 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஒன்பதாண்டுகள் பாடலைப் பலர் கேட்டனர். பாடியவருக்கோ அச்செய்தியே தெரியாது.

எத்தியோப்பியாவின் ஹைலு மெர்கியா நேர்வு வேறுவகையானது. அடிஸ் அபாபாவின் வாலியாஸ் குழுவில் விசைப்பலகை இசைத்த அவர் தம் நாட்டில் நன்கறியப்பட்டவர். 1981இல் குழுவுடன் அமெரிக்கா சென்று அங்கேயே தங்கிவிட்டார். 1985இல் அக்கார்டியனையும் மின்னணு விசைப்பலகைகளையும் இணைத்துத் தனியொருவராக ஓர் ஒலிநாடாவை உருவாக்கினார். எத்தியோப்பியாவில் அந்நாடாவை வாங்கிய ஷிம்கோவிட்ஸ் உரியவரைத் தேடியபோது, மெர்கியா வாஷிங்டன் பகுதியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பயணிகளுக்காகக் காத்திருக்கும் வேளையில் வாசிப்பதற்கென வண்டியில் ஒரு விசைப்பலகையும் வைத்திருந்தார்.

இங்கு நிகழ்வுகளின் வரிசை நோக்கத்தக்கது. முதலில் உரியவரைத் தேடி அவர் இசைவைப் பெற்று, இலாபத்தில் சரிபாதி அளிக்கும் முறையில் 2013இல் அவ்வொலிநாடா மறுவெளியீடு கண்டது. லிண்டா நேர்வில் பாடல் முன்சென்று, பெயர் அரை நூற்றாண்டு பின்தங்கி வந்தது. மெர்கியா நேர்விலோ பெயரும் பாடலும் ஒருங்கே சென்றன. இதன் விளைவு பொருளியல் சார்ந்ததாக மட்டும் நின்றுவிடவில்லை. கேட்டோர் தேடிச்சென்றது ஒரு பழம்பொருளையன்று, உயிருடன் வாழும் ஒரு கலைஞரை. மீண்டும் மேடையேறிய மெர்கியா, 2018இல் ‘லாலா பெலு’ என்னும் புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டார்.