சுற்றினால் வெளிச்சம்... கரன்ட் இல்லாத ராத்திரிக்கு ஒரு கை டார்ச்!

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்கே தனிக் குஷி வந்துவிடும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று கூட்டம் அலைமோதும். சாரலோடு கூடவே வருவது காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாயும் அந்தக் காற்றில்தான் சுரண்டை, சுந்தரபாண்டியபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே காற்று ஒரு தென்னை மட்டையைக் கொண்டுபோய் மின்கம்பியில் போட்டால் போதும்... காற்றாலைக்குப் பக்கத்து வீட்டிலேயே கரன்ட் போய்விடும்!

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்றால் சமாளிக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களில் கொட்டிய மழை அப்படி இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. பல ஊர்களில் மின்சாரமும் இல்லை, செல்போன் டவரும் இல்லை.

இன்று பெரும்பாலான வீடுகளில் டார்ச் என்றால் செல்போன்தான். தகவல் சொல்லவும் அதுதான், வெளிச்சத்துக்கும் அதுதான். முதல் நாள் ராத்திரி முழுக்க அதை விளக்காக எரித்துவிட்டால், மறுநாள் உதவிக்குக் கூப்பிட போனில் சார்ஜ் இருக்காது. 'கட்டை' போடும் டார்ச் இருந்தாலும், அவசரத்துக்கு எடுக்கும்போது பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் பச்சை பிடித்துக் கிடக்கும்.

இதற்கு விடையாகத்தான் கையால் சுற்றும் டார்ச் கடைகளில் விற்கிறது. கட்டை வேண்டாம், பிளக் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால் சார்ஜ், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். ஆனால், வாங்கியவர்கள் பலரின் அனுபவம் ஒன்றுதான். ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், எவ்வளவு சுற்றினாலும் சுற்றும்வரைதான் எரிகிறது. கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது. கோளாறு எங்கே?

டைனமோவின் பேரப்பிள்ளை

சைக்கிள் டைனமோ நினைவிருக்கிறதா? லைட் இல்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் மடக்கிய காலம் ஒன்று இருந்தது. டயரில் உரசிச் சுற்றும் சின்னக் குப்பி போன்ற டைனமோ, 6 வோல்ட்டில் 3 வாட் மின்சாரம் தரும். வேகமாக மிதித்தால் பளிச்சென்று எரியும். சிக்னலில் நின்றால் இருட்டு.

கை டார்ச்சுக்குள் இருப்பதும் அதே சங்கதிதான். செப்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் சுற்றினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். 1944 முதல் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீர் மின்சாரம் தருவதும், சுரண்டைக் காற்றாலை மின்சாரம் தருவதும் அதே விதிப்படிதான். ஒன்றில் தண்ணீர் சுற்றுகிறது, ஒன்றில் காற்று சுற்றுகிறது, டார்ச்சில் கை சுற்றுகிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. காற்றாலையின் இறக்கை மெதுவாகத்தான் சுற்றும். பெரும்பாலான காற்றாலைகளில் உள்ளே இருக்கும் கியர் பாக்ஸ்தான் அதை வேகமாக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். கையும் அப்படித்தான். நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது சுற்றுக்கு மேல் சுற்றினால் தோள் வலிக்கும். அந்தச் சின்ன ஜெனரேட்டருக்கோ ஆயிரக்கணக்கில் சுற்று வேண்டும். நடுவில் இரண்டு, மூன்று பல்சக்கரங்களை வைத்து வேகத்தைப் பல மடங்கு கூட்டுகிறார்கள். சுற்றும்போது வரும் 'கர்ர்ர்' சத்தம் அந்தச் சக்கரங்களுடையதுதான்.

போர்க்காலத்து 'பூனை'

இது புது யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து ஜெர்மனியின் பிடியில் இருந்தது. தெருவிளக்குகள் எரியவில்லை, பேட்டரியும் கிடைக்கவில்லை. 1943-ல் பிலிப்ஸ் நிறுவனம் ஒரு டார்ச் செய்தது. பக்கத்தில் இருக்கும் நெம்புகோலைக் கைக்குள் வைத்து அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே டைனமோ சுற்றும், பல்பு எரியும். அதை டச்சு மக்கள் 'அமுக்குப் பூனை' என்ற பொருளில் செல்லப் பெயர் வைத்து அழைத்தார்கள். அதில் பேட்டரியே இல்லை. அமுக்குவதை நிறுத்தினால் வெளிச்சமும் நின்றுவிடும். சேமித்து வைக்க வழியில்லை என்பது குறைதான். ஆனால், கெட்டுப்போவதற்கும் அதில் பெரிதாக எதுவும் இல்லை.

1990-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த டிரெவர் பெய்லிஸ் வேறு வழி பிடித்தார். எய்ட்ஸ் பற்றிய தகவல் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போய்ச் சேர ரேடியோ வேண்டும். ஆனால் அங்கே மின்சாரம் இல்லை, பேட்டரி வாங்கக் காசு இல்லை என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்த்தார். பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல, ஸ்பிரிங்கை முறுக்கி விட்டு, அது மெதுவாக விரியும்போது ரேடியோ பாடும்படி செய்தார். அவர் கையின் உழைப்பைச் சேமித்த இடம் ஸ்பிரிங்.

கையின் உழைப்பை எங்கே சேமிப்பது என்ற இந்தக் கேள்விதான் இன்றுவரை கை டார்ச்சின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு நிமிட உழைப்பு, எத்தனை நிமிட வெளிச்சம்?

சின்னக் கணக்கு ஒன்று. இப்படிப்பட்ட டார்ச்சைச் சிரமம் இல்லாமல் சுற்றினால் சுமார் 2 வாட் சக்தி கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் சுற்றினால் 60 விநாடி, 2 வாட். அதாவது 120 ஜூல். பல்சக்கர உரசல், கம்பிச் சூடு, மின்சாரத்தை ஒரே திசையில் ஓட வைக்கும் டயோடு என்று பாதி வழியிலேயே போய்விடும். மிச்சம் 60 ஜூல்.

பழைய குண்டு பல்பு டார்ச் என்றால் இரண்டு கட்டைக்கான பல்பே முக்கால் வாட் சாப்பிடும். 60 ஜூலில் அது 80 விநாடி எரியும், அவ்வளவுதான். ஒரு சின்ன வெள்ளை எல்.இ.டி பல்புக்குத் தேவை 0.06 வாட். அதே 60 ஜூலில் அது 1,000 விநாடி, அதாவது கால் மணி நேரத்துக்கு மேல் எரியும்! நீல நிற எல்.இ.டி-யைச் சாத்தியமாக்கி, அதன் மூலம் வெள்ளை எல்.இ.டி-க்கு வழிவகுத்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கை டார்ச்சைப் பொம்மை நிலையிலிருந்து காப்பாற்றியதும் அதுதான்.

ஒரு எல்.இ.டி வெளிச்சம் போதுமா? மாடிப்படி இறங்க, அடுப்பங்கரையில் தீப்பெட்டி தேட, குழந்தைக்கு மருந்து அளக்க, முற்றத்தில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்கத் தாராளமாகப் போதும். வடகரை, மேக்கரை பக்கம் யானை இறங்கும் தோப்புகளில் ராத்திரிக் காவலுக்குப் போகிறவர்களுக்கு இது போதாது. அவர்களுக்குத் தூரத்துக்கு அடிக்கும் பெரிய லைட்தான் வேண்டும். கை டார்ச் அந்த வேலைக்கானது இல்லை.

செல்போனையும் சார்ஜ் செய்யலாம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். 5,000 எம்.ஏ.எச் பேட்டரி நிறைய, ஒரு வாட் வீதம் சுமார் 19 மணி நேரம் இடைவிடாமல் சுற்ற வேண்டும். அவசரத்துக்கு ஒரே ஒரு போன் பேசும் அளவுக்கு வேண்டுமானால் சுற்றிச் சமாளிக்கலாம்.

சுற்றுவது கை, கெடுவது பேட்டரி

கணக்குப்படி கையின் பலம் போதும், எல்.இ.டி-யும் சிக்கனம். பிறகு ஏன் ஒரு வருஷத்தில் படுத்துவிடுகிறது? பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்ன ரீசார்ஜபிள் பேட்டரியால்தான்.

சாதாரண நிக்கல் பேட்டரி சும்மா வைத்திருந்தாலே சில மாதங்களில் தானாகச் சார்ஜ் இறங்கிவிடும். பொத்தான் அளவு லித்தியம் பேட்டரி முழுக்க இறங்கி அப்படியே கிடந்தால் சேதமாகி, பிறகு சார்ஜ் ஏற்காது. கை டார்ச்சை யாரும் தினமும் எடுப்பதில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை சுற்றி, அலமாரியில் போட்டால் அடுத்த மழைக்குத்தான் வெளியே வரும். அந்தப் பேட்டரி எதைத் தாங்காதோ, அதையே வருஷம் முழுக்க அதற்குச் செய்கிறோம்.

இதைவிட மோசம், போலிகள். சில மலிவு டார்ச்சுகளில் ரீசார்ஜ் ஆகவே ஆகாத பொத்தான் பேட்டரியைப் போட்டுவிடுகிறார்கள். கைப்பிடி சுற்றும், சத்தம் வரும், வெளிச்சமும் வரும். ஆனால் சுற்றுவதற்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பேட்டரி தீர்ந்ததும் கதை முடிந்தது.

மாற்று ஒன்று இருக்கிறது. சீலிங் ஃபேன் சுற்றாவிட்டால் எலக்ட்ரீஷியன் 'கண்டன்சர் போயிடுச்சு' என்பாரே, அந்தக் கண்டன்சரின் பெரியண்ணன், சூப்பர் கெபாசிட்டர். இதில் பேட்டரிபோல ரசாயன மாற்றத்தை நம்பிச் சேமிப்பது இல்லை. அதனால் லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். முழுக்க வற்றிப் பல மாதம் கிடந்தாலும் கெடாது. கட்டைவிரல் நுனி அளவுள்ள 2.7 வோல்ட், 25 ஃபாரட் கெபாசிட்டர் சுமார் 90 ஜூல் பிடிக்கும். ஒன்றரை நிமிடம் சுற்றினால் நிறைந்துவிடும். ஒரு எல்.இ.டி-யைக் கால் மணி நேரத்துக்கு எரிய வைக்கும்.

குறையும் உண்டு. மின்சாரம் குறையக் குறைய வோல்டேஜும் இறங்கிக்கொண்டே வரும், எல்.இ.டி-க்கோ ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஆகவே வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க ஒரு சின்ன சர்க்யூட் தேவை. 2.7 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் தடுக்கவும் ஒரு காவல் வேண்டும். சில நாட்களில் சார்ஜ் தானாகக் கசியவும் செய்யும். பரவாயில்லை; கையில் எடுத்து ஒரு நிமிடம் சுற்றினால் மறுபடி நிறைந்துவிடும். அலமாரியில் தூங்கும் டார்ச்சுக்கு நிறையச் சேமிப்பதைவிட, எழுப்பியதும் எழுந்திருப்பதுதான் முக்கியம்.

தென்காசிக்கு ஒரு டார்ச் வடிவமைத்தால்...

சேமிக்கும் இடம் சூப்பர் கெபாசிட்டராக இருக்க வேண்டும். கூடுதல் நேரம் எரிய வேண்டுமென்றால், கடையில் கிடைக்கும் சாதாரண அளவு ரீசார்ஜபிள் கட்டையை நாமே மாற்றிக்கொள்ளும்படி ஒரு மூடி இருக்க வேண்டும். உள்ளே வைத்து ஒட்டிவிட்டால், பேட்டரி போனதும் டார்ச்சே குப்பைதான்.

வெளிச்சத்துக்கு இரண்டு நிலை போதும். நடக்க ஒரு எல்.இ.டி, சற்றுத் தூரம் பார்க்க மூன்று.

சாரல் காலத்து ஈரம் எல்லா இடுக்கிலும் புகும். கைப்பிடியின் அச்சு உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். கைப்பிடி நீளமாக இருந்தால் சுற்றுவது லேசு; ஆனால் மெலிந்த பிளாஸ்டிக்காக இருந்தால் அதுதான் முதலில் ஒடியும். பாட்டியின் மூட்டுவலிக் கையும், பத்து வயதுப் பிள்ளையின் கையும் சுற்றும்படி இருந்தால்தான் அது வீட்டுக்கு ஆகும்.

வாங்கும் முன் கவனிக்க...

* கடையிலேயே டார்ச்சை எரிய விட்டு, மங்கிய பிறகு ஒரு நிமிடம் சுற்றுங்கள். வெளிச்சம் ஏறினால் உண்மையான டைனமோ. எத்தனை சுற்றினாலும் மாற்றமே இல்லையென்றால் வைத்துவிடுங்கள்.

* திறந்து பார்க்க முடிந்தால் பொத்தான் பேட்டரியின் மேல் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். 'சி.ஆர் 2032' என்றிருந்தால் அது ரீசார்ஜ் ஆகாது. 'எல்.ஐ.ஆர் 2032' என்றால் ஆகும்.

* '12 எல்.இ.டி' என்று பெருமையாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். ஒரு நிமிடம் சுற்றினால் ஒரு எல்.இ.டி கால் மணி நேரத்துக்கு மேல் எரியும். பன்னிரண்டும் சேர்ந்தால் ஒன்றரை நிமிடம்கூடத் தாங்காது.

* தலையில் சின்ன சோலார் தகடு இருப்பது கூடுதல் வசதிதான். ஆனால், அலமாரிக்குள் வெயில் அடிக்காது!

* ஏற்கெனவே பேட்டரி உள்ள கை டார்ச் வீட்டில் இருந்தால், மாதம் ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் சுற்றி வையுங்கள். நாள் மறந்துவிடும் என்றால் அமாவாசையைக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். காலண்டரைப் பார்க்காமலேயே வானம் ஞாபகப்படுத்தும்.

* இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இருட்டில் கை நீட்டினால் அகப்படுகிற ஆணியில் மாட்டி வையுங்கள். டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச் தேவைப்படக் கூடாது!